மைனஸ் கியூ

காய்ச்சல் என்றால் சும்மா காய்ச்சல் இல்லை. கட்டில் தண்ணீரில் மிதப்பது போலவும், ஜன்னல் மேடையில் வரிசையாகக் காய வைத்திருந்த பல்செட்டுகள் எல்லாம் அவளைப் பார்த்துச் சிரிப்பது போலவும் தோன்றிய காய்ச்சல். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் பதிலுக்கு இரண்டு தடவை சிரித்து வைத்தாள். அந்தப் பற்கள் அத்தனையும் அவள் கணவர் செய்தவை. பக்கத்து அறைதான் அவருடைய பட்டறை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பொய்ப்பல் செய்து தேய்ப்பார். அந்த ராவும் சத்தம் அன்றைக்கு எங்கேயோ தூரத்தில் வண்டு சுற்றுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானம் மணி இரண்டே முக்காலுக்கு அவள் எழுந்து உட்கார்ந்து, மடிக்கணினியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"படுன்னா படேன். உலகம் ஒண்ணும் முழுகிப் போயிடாது," என்று பட்டறையிலிருந்து குரல் வந்தது.

"முழுகித்தாங்க போகும். நான் அளக்கறதே தண்ணியைத்தானே."

அது உண்மைதான். மலை உச்சியில் ஒரு ஏரி. ஏரிக்கரையில் ஒற்றை அறை நிலையம், அதற்குள் நீர்மட்டத்தைக் குறித்துவைக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று. மலைக்குக் கீழே, ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் அவள் அலுவலகம். தினம் மூன்று மணிக்கு அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த மலை இயந்திரத்துக்குள் நுழைந்து அளவை எடுத்துச் சொன்னால்தான், நாலு மணிக்கு எந்த மதகைத் திறப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்வார்கள். எட்டு வருஷத்தில் ஒரு நிமிஷம் பிசகியதில்லை. அதனால் அலுவலகத்தில் அவளுக்கு மூணுமணி என்றே பெயர். "மூணுமணி வந்தாச்சா?" என்று காலை ஒன்பது மணிக்கே கேட்பார்கள். புதிதாக வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்து முழிப்பார்கள்.

மேலே அந்த ஒற்றை அறையில் இருந்தது யார் என்றால், அவளுடைய சொந்த அண்ணன்.

ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அம்மா போன அன்றைக்கு ஆரம்பித்த வினை அது. அடைமழைக்காலம். தகவல் சொல்லி இரண்டு நாள் கழித்து, எல்லாம் முடிந்த பிறகு, வாசலில் வந்து நின்றான். காலில் செருப்புகூட இல்லை, முழங்கால் வரைக்கும் சேறு. 'சாவு வீட்டுக்கு வருகிற கோலமா இது' என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள், கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், "இனிமே என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதே" என்று கத்தினாள். அவன் திறந்த வாயை மூடிக்கொண்டு அப்படியே திரும்பிப் போனான். அதற்கப்புறம் அவள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. கூப்பிட்டால்தானே வருவான்? அவள் கூப்பிடவில்லை.

ஆனால் தினம் மூன்று மணிக்கு அவள் அவன் அறைக்குள் போய் வந்துகொண்டுதான் இருந்தாள். போகும்போதெல்லாம் திரையை மேலும் கீழும் ஒரு தடவை தேடுவாள். 'பேசாதே என்றால் பேசாமலே இருந்துவிடுவதா? மெஷினில் ஒரு வார்த்தை போட்டு வைத்தால் கை தேய்ந்தா போகும்?' என்று நினைப்பாள். வெறும் எண் வரும். எழுதிக்கொண்டு, 'கல்நெஞ்சன்' என்று முணுமுணுத்தபடி வெளியே வந்துவிடுவாள். இப்படியே இரண்டாயிரம் நாளுக்கு மேல் ஓடிவிட்டது.

இன்றைக்கு அதுவும் கடைசி. நாலு மணிக்கு அந்த இயந்திரத்தை நிரந்தரமாக அணைக்கிறார்கள். நாளையிலிருந்து ஏரி தானாகவே அளவை அனுப்புமாம், ஆள் தேவையில்லையாம். அண்ணன் மலையிலிருந்து இறங்கி எங்கே போவான் என்று அவளுக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் குரல் உடைந்துவிடும் என்ற பயம். அதனால்தான் இந்தக் காய்ச்சலிலும் லீவு போடாமல், வீட்டிலிருந்தே எடுத்துத் தருகிறேன் என்று அடம்பிடித்து வாங்கியிருந்தாள்.

தூரத்து இயந்திரத்துக்குள் நுழைவதற்கு ஒரு நிரல் இருக்கிறது. கறுப்புத் திரையில் அதன் பெயரை அடித்து, பக்கத்தில் ஒரு சின்னக் கோடும் ஓர் எழுத்துமாகச் சேர்த்துக்கொண்டே போகவேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வேலை. மைனஸ் எல், மைனஸ் பி என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அவள் நாற்காலியில் இதெல்லாம் எதற்கு? எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் மொத்தமாகக் கட்டி ஒரு குறுக்குவழி செய்து வைத்திருந்தாள். இரண்டே எழுத்து தட்டினால் போதும், மலை ஏறிவிடலாம். வீட்டுக் கணினியில் அந்தக் குறுக்குவழி ஏது? முழுசாக அடிக்கவேண்டும். எது எதற்கு என்பதே மறந்து போயிருந்தது.

விளக்கப் பக்கத்தைத் திறந்தாள். எழுத்துகள் அகரவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன. காய்ச்சலில் அவை ஒவ்வொன்றும் அவளிடம் பேசுவது போல இருந்தது. எஃப் வந்து, 'என்னைப் பின்னால் அனுப்பிவிட்டு நீ உன் வேலையைப் பார்' என்றது. கே வந்து, 'எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று நிமிஷத்துக்கொரு தரம் தொட்டுப் பார்க்கட்டுமா?' என்றது. எல், 'யாராக வருகிறாய்?' என்று கேட்டது. என், 'உள்ளே போய் ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா கூட இருந்தாலே போதும்' என்று மெதுவாகச் சொன்னது. பி, 'எந்தக் கதவு?' என்றது. வேண்டியது கிடைத்துவிட்டதால் அவள் அதற்குமேல் படிக்காமல் பக்கத்தை மூடினாள். கண் இமை அவ்வளவு கனத்தது.

யாராக வருகிறாய் என்பதற்கு, 'அளவு' என்று அடித்தாள். அளவு எடுக்கப் போகிறவருக்கு மேலே கொடுத்திருக்கும் பெயர் அதுதான். அந்தப் பெயரில் போனால் எண்ணைக் காட்டும், உடனே வெளியே தள்ளிவிடும். உட்காரக்கூட விடாது.

சரியாக மூன்று மணி. நீர்மட்டம் எழுநூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள். கடமை முடிந்தது. அப்படியே சாய்ந்து திரையைப் பார்த்தபோதுதான், எண்ணுக்கு மேலே என்னவோ நிறைய வரிகள் இருப்பது கண்ணில் பட்டது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"எலிக்குட்டி, இது கடைசி. நாலு மணிக்கு மெஷினை அணைச்சிட்டு வண்டி ஏறுறேன். வடக்கே ஒரு அணைக்கட்டுல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. வண்டி நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு உன் ஊர் வழியாத்தான் போகும். இறங்கட்டுமா? ஆறு வருஷமா தினம் எழுதினேன், நீ ஒரு வார்த்தை பதில் சொல்லல. இன்னிக்கும் சொல்லலைன்னா நேரா போயிடுறேன், இனிமே தொந்தரவு பண்ணமாட்டேன். பேசாதேன்னு சொன்ன, பேசல. எழுதாதேன்னு நீ சொல்லலையே. ஏரி இன்னிக்கு அமைதியா இருக்கு."

எலிக்குட்டி என்று அவளைக் கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவன்தான்.

தினம் எழுதினானாம். எங்கே எழுதினான்? அவள் மூடிய விளக்கப் பக்கத்தை மறுபடி திறந்தாள். பிக்கு அடுத்த வரி. கியூ. 'நுழையும்போது வாசலில் காட்டும் வரவேற்பை என் கண்ணில் காட்டாதே.'

பாவி மகள்! அவளே போட்டதுதான் அது. எட்டு வருஷத்துக்கு முன்னால், உள்ளே நுழையும்போதெல்லாம் 'அனுமதியில்லாதவர்கள் நுழைந்தால் தண்டனை' என்று நாற்பது வரி அரசாங்க மிரட்டல் ஓடிக்கொண்டிருந்தது. எரிச்சலில் ஒரு மைனஸ் கியூவைச் சேர்த்துக் குறுக்குவழிக்குள் கட்டிவிட்டு மறந்துபோனாள். இன்றைக்குத்தான் அது இல்லாமல் நுழைந்திருக்கிறாள். சண்டை வந்த பிறகு, அண்ணன் அந்த மிரட்டலை அழித்துவிட்டு அதே இடத்தில் தங்கைக்குக் கடிதம் எழுத ஆரம்பித்திருக்கிறான். தினம் ஒன்று. தினம் மூன்று மணிக்கு அவள் வருவது அவனுக்குத் தெரியும். படித்துவிட்டுப் பேசாமல் போகிறாள் என்று நினைத்திருக்கிறான்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கல்நெஞ்சன் என்று இரண்டாயிரம் தடவை சொன்ன வாய் இது.

மணி மூன்று பத்து. பிரிவுத் தலைவருக்கு ஃபோன் அடித்தாள்.

"சார், மேல ஸ்டேஷனுக்கு ஒரு தகவல் சொல்லணும். அவசரம்."

"அங்க ஃபோன் லைன் போன வாரமே வெட்டியாச்சேம்மா. வயர்லெஸ்ஸை நேத்து கழட்டிட்டாங்க. செல்ஃபோன் அங்க எப்பவுமே எடுக்காது. இப்ப மெஷின் கேபிள் மட்டும்தான் மிச்சம். அளவுதான் வந்துடுச்சே, அப்புறம் என்ன? போய்ப் படு."

கணவர் ஒரு கையில் கீழ்த்தாடையோடு எட்டிப் பார்த்தார். "அழறியா என்ன?"

"ஆமா, அழறேன். எங்கண்ணன் எழுதியிருக்கான். தினம் எழுதியிருக்கான். நான் படிக்கவே இல்ல."

அவர் தாடையைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடு கொதித்தது. அந்த அண்ணனை அவர் கண்ணால் கண்டதில்லை, கேள்விப்பட்டதோடு சரி. பிதற்றல்தான் என்று முடிவு கட்டி, ஈரத்துணியை மடித்து நெற்றியில் போட்டார். "சரி, பதில் எழுதிட்டாப் போச்சு," என்றார் சமாதானமாக.

"எப்படி எழுதறது? என்னை உள்ளயே விடாது. யாருன்னு பேரை மட்டும்தான் கேட்கும்."

சொல்லிவிட்டு அவளே நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேரை மட்டும்தான் கேட்கும்.

இயந்திரத்தை நிறுவிய சமயம் அவள் ஒரே ஒரு முறை மலைக்குப் போயிருந்தாள். மேசை ஓரத்தில் பழைய பிரிண்டர் ஒன்று இருந்தது. யாராவது தப்பான பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டினால், அந்தப் பெயரைக் காகிதத்தில் அடித்துக் காட்டும். "திருடன் வந்தாலும் பேரைச் சொல்லிட்டுத்தான் போகணும்," என்று அண்ணன் பெருமையடித்துக்கொண்டான். எட்டெழுத்துக்கு மேல் பெயர் கூடாது. மூன்று தடவை தப்பாகத் தட்டினால், தட்டியவருக்குப் பத்து நிமிஷம் கதவு திறக்காது.

எட்டெழுத்து. ஆறு வருஷத்தை அதற்குள் அடக்கவேண்டும்.

மைனஸ் எல். யாராக வருகிறாய்? 'இறங்கு' என்று அடித்தாள். அவசரத்தில் எழுத்து இடம் மாறிப் போயிற்று. அப்படி யாரும் இங்கே இல்லை என்று இயந்திரம் துரத்தியது. மறுபடி, இம்முறை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, 'இறங்கு'. இறங்கு என்று இங்கே யாரும் இல்லை. 'அளவு' பெயரில் உள்ளே போய்ப் பார்த்தாள். வாசலில் அதே பழைய கடிதம். அவன் மேசைப் பக்கமே வரவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை 'இறங்கு' என்று தட்டினாள். யாரும் இல்லை என்று சொன்னதோடு இயந்திரம் கதவையும் சாத்திக்கொண்டது. மணி மூன்று முப்பத்திரண்டு.

பத்து நிமிஷம். கண்ணைத் திறந்துவைத்திருக்கத்தான் பார்த்தாள். எப்போது மூடியதென்று தெரியவில்லை. மலை அறையின் கூரைக்குப் பக்கத்தில் அவள் மிதந்துகொண்டிருந்தாள். கீழே அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு போர்வையை மடித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் முழுக்க ஏரி. பிரிண்டர் காகிதத்தைத் துப்பியது, காகிதம் மேசையிலிருந்து வழிந்து தரையெல்லாம் பரவி அவன் காலைச் சுற்றியது. அவன் குனிந்தே பார்க்கவில்லை. அண்ணா என்று கத்தப் போனாள். வாயில் எட்டெழுத்துக்குத்தான் இடம் இருந்தது, எந்த எட்டு என்று தேடித் தேடிப் பார்த்தாள். ஏரியின் மேல் பல்செட்டுகள் வரிசையாக மிதந்து போயின. போர்வையை மடித்து முடித்துவிட்டு அவன் விளக்கை அணைக்கக் கையை நீட்டினான்.

திடுக்கிட்டு எழுந்தபோது மணி மூன்று நாற்பத்தாறு. ஐயோ என்று அடித்துக்கொண்டு, 'அளவு' பெயரில் உள்ளே போனாள். கடிதம் மாறியிருந்தது.

"பேப்பர்ல மூணு தடவை வந்திருக்கு. முதல் தடவை எழுத்து மாறியிருக்கு. எட்டாங்கிளாஸ்ல இருந்தே உனக்கு இந்த அவசரம்தான். இருந்தாலும் கேட்டுக்கறேன். எலிக்குட்டி, நீதானா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். யாராக வருகிறாய்? 'நான்தான்'. ஆங்கிலத்தில் சரியாக எட்டெழுத்து. நான்தான் என்று இங்கே யாரும் இல்லை என்றது இயந்திரம். "உனக்கென்ன தெரியும், போ," என்று அதனிடம் சொல்லிவிட்டு, ஐந்து நிமிஷம் நகத்தைக் கடித்துவிட்டு, மறுபடி வாசலுக்குப் போனாள்.

"சரி, இறங்குறேன். வீடு தெரியும், ஆபீஸ் கடிதத்துல விலாசம் பார்த்து வச்சிருக்கேன். ஒரே ஒரு சந்தேகம். வந்தா பேசலாமா? இல்ல, எழுதித்தான் காட்டணுமா? சீக்கிரம் சொல்லு, வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்."

என்ன பிடிவாதம் பாருங்கள்! ஆறு வருஷத்துக்கு முன்னால் கோபத்தில் வாய் தவறி வந்த சொல்லை, கோர்ட்டு உத்தரவு மாதிரி இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறான். அவள் 'பேசு' என்று அடித்துத் தட்டினாள்.

இந்தத் தடவை, யாரும் இல்லை என்ற பதில்கூட வரவில்லை. திரையில் சின்னக் கட்டம் மினுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு, இணைப்பு அறுந்தது என்று ஒரு வரி. திரும்பத் தட்டினாள், திரும்பத் திரும்பத் தட்டினாள். அந்தப் பக்கம் இயந்திரமே இல்லை. மணி இன்னும் நாலுகூட ஆகவில்லை. பிரிண்டர் அந்த ஒரு சொல்லை அடித்ததா, அடிப்பதற்கு முன்னால் அணைத்துவிட்டார்களா?

"பேசுன்னு சொன்னேங்க. போச்சோ என்னமோ தெரியல," என்று கணவரிடம் சொன்னாள். "போயிருக்கும், போயிருக்கும்," என்று அவர் மாத்திரையைக் கொடுத்துப் போர்த்திவிட்டார். அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் நினைவில்லை.

விழித்தபோது வெயில் ஜன்னல் மேடைப் பற்களின் மேல் விழுந்திருந்தது. உடம்பு பஞ்சாக இருந்தது. பட்டறைப் பக்கம் கணவரின் குரல் கேட்டது.

"மேல் வரிசையா, கீழ் வரிசையா? சொன்னாத்தானே தெரியும்? ...டாக்டர் சீட்டு ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?"

பதில் இல்லை. கணவர் தலையைச் சொறிந்துகொண்டே அறைக்குள் வந்தார். "காலங்காத்தால ஒருத்தர் வந்து நிக்கறார். என்ன கேட்டாலும் பதில் இல்ல. சீட்டு இருக்கான்னா பையிலேருந்து நோட்டும் பேனாவும் எடுக்கறார். பாவம், ஊமை போலிருக்கு."

அவள் போர்வை தரையில் இழுபட ஓடினாள்.

வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. நோட்டில் பாதி வரி எழுதியிருந்தவன், அவளைப் பார்த்ததும் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.  

"பேசுண்ணா," என்றாள்.

"பேசலாமா?"

"பேசுன்னு நேத்தே சொன்னேனே!"

"பேப்பர்ல வரல. நான் காத்துக்கிட்டிருக்கும்போதே மெயின் சுவிட்சை இறக்கிட்டாங்க." அவன் குரல் கரகரத்திருந்தது, ஆனால் அதே குரல். "எதுக்கு வம்புன்னுதான் நோட்டை எடுத்தேன்."

உள்ளே கூட்டி வந்து கட்டிலில் உட்கார வைத்தாள். கணவர், நடந்ததெல்லாம் பிதற்றல் இல்லை என்று அப்போதுதான் விளங்கி, வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"எல்லாம் படிச்சியா?" என்றான் அண்ணன். "பூனை பிரிண்டருக்குள்ள குட்டி போட்டது, மரம் விழுந்து மூணு நாள் கதவு திறக்காதது, எல்லாம்?"

அவள் தரையில் உட்கார்ந்து மைனஸ் கியூவைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. "ஒண்ணுகூடப் படிக்கலண்ணா. நேத்து எழுதினதை மட்டும்தான் படிச்சேன்."

அவன் நோட்டின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தான்.

"அப்போ முதல் நாள் எழுதினது?"

"அதுவும் இல்ல. என்ன எழுதின?"

"ரோடு சரிஞ்சு போச்சுன்னு எழுதினேன். வண்டி கிடையாது, நடந்தே வந்தேன்னு எழுதினேன், ரெண்டு நாள். வழியில செருப்பு மண்ணோட போயிடுச்சுன்னு எழுதினேன்." அவன் நோட்டை மூடினான். "அதைப் படிச்சும் உனக்கு மனசு வரலைன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் அவன் காலைப் பார்த்தாள். அன்றைக்கும் இதே கால்தான் வாசலில் நின்றது. முழங்கால் வரைக்கும் சேறு இருந்ததை அவள் நன்றாகப் பார்த்தாள், அது எங்கே ஒட்டியது என்று மட்டும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுண்ணா. முதல்லேருந்து எல்லாத்தையும் சொல்லு," என்றாள்.

"எல்லாத்தையுமா? ரெண்டாயிரத்துச் சொச்சம் நாள் ஆச்சே. வண்டி வேற போயிடும்."

"போகட்டும்."

கணவர் ஓசைப்படாமல் போய்ப் பட்டறை இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து கதவருகில் நின்றார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அன்னிக்கு நல்ல மழை," என்று ஆரம்பித்தான்.